பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எப்படி? மட்டக்களப்பிலிருந்து தேடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் யாராவது ஒரு வேகன்ஆரையோ ஆக்சியோவையோ விற்பனைக்குப் போட்டால் அன்று பின்னேரமே நாலு பேர் வாசலில் நிற்பார்கள். அதே ஆள் ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8 விற்கப் போட்டால் கதை வேறு. பார்க்க நிறையப் பேர் வருவார்கள், பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், "என்ன ஓட்டம் ஓடும்?" என்று கேட்பார்கள். வாங்குவதற்குக் காசோடு வருகிறவர் அபூர்வம். குடும்பத்துக்குச் சரிவராது, எண்ணெய் குடிக்கும், பாட்ஸ் தேட வேண்டும், பழைய வண்டி என்றால் லீசிங் கம்பனியும் யோசிக்கும். அதனால் இப்படிப்பட்ட கார் மாதக்கணக்கில் விற்காமல் நிற்பது சாதாரணம்.

விலை பேசும்போது உங்கள் கையில் உள்ள பெரிய பலம் இதுதான். காத்திருப்பதால் நட்டப்படுபவர் விற்கிறவர்: காப்புறுதி ஓடிக்கொண்டிருக்கும், பற்றரி இறங்கும், டயர் தட்டையாகும், வீட்டில் "இதை எப்ப தள்ளப் போறீங்க?" என்ற கேள்வி வரும். உங்களுக்கு அந்தச் சுமை எதுவும் இல்லை. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருந்தால் நல்ல கார் ஒன்று வரும்போதும் கைவிட்டுவிடுவோம். தேவையில்லாததை உடனே கழித்துவிட வேண்டும், சரியானது வந்தால் தயங்காமல் எடுக்க வேண்டும். அதற்கான வேலையைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், சந்தை எப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பாவித்த கார்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். இறக்குமதி திறந்த பிறகும் ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவருக்குப் பெரிய விடிவு வரவில்லை. பாவித்த கார் என்றால் அது மூன்று வருடத்துக்குட்பட்டதாக இருக்க வேண்டும். உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012இலேயே முடிந்தது. ஹொண்டா சிஆர்-இசட் 2010இல் வந்து 2017 தொடக்கத்தோடு நின்றது. மிட்சுபிஷி எவோவும் 2016இல் முடிந்தது. ஆக, இந்தக் கார்களில் தீவுக்குள் ஏற்கனவே இருப்பவை மட்டும்தான் இனிக் கைமாறும்.

"இனி இந்த மாதிரி வராது தம்பி" என்று விற்கிறவர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் வராது என்பதால் மட்டும் அவர் கையில் இருப்பது நல்ல காராகிவிடாது. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பலர் அதிக விலை கொடுக்கிறார்கள்.

எந்தக் கார், எவ்வளவு காசு

சிஆர்-இசட் நமது பக்கத்துக்கு மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. 1.5 லீற்றர் எஞ்சின், ஹைபிரிட், ஆறு கியர் மனுவலிலும் உண்டு. பார்க்க வேண்டியது பற்றரி. 2012 இறுதியில் வந்த மாற்றத்துக்கு முந்தியவற்றில் நிக்கல் பற்றரி, பிந்தியவற்றில் லித்தியம் பற்றரி. நமது வெயில் இரண்டுக்குமே நல்லதல்ல, பழைய நிக்கல் பற்றரி அநேகமாக ஒரு தடவையாவது மாற்றப்பட்டிருக்கும். மாற்றினார்களா, முழுப் பற்றரியா அல்லது சில செல்கள் மட்டுமா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டும் ஒரே கார்தான்: 2 லீற்றர் பொக்ஸர் எஞ்சின், பின்சக்கர இழுவை. ஓட்டுவதற்கு இதைவிட இனிமையானது இந்த விலை வட்டத்தில் இல்லை. 2012, 2013 மொடல்களுக்கு வால்வு ஸ்பிரிங் மாற்றும்படி கம்பனியே திரும்ப அழைத்தது. அந்த வேலை செய்ததற்கான பதிவைக் கேளுங்கள்.

எவோ, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற டர்போ கார்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஜப்பானில் ஹை-ஒக்டேன் பெற்றோல் என்றால் குறைந்தது 96 இருக்க வேண்டும், இந்த எஞ்சின்கள் அதற்காகச் செய்யப்பட்டவை. நமது ஷெட்களில் வழமையாகக் கிடைப்பது 92, 95. ஊருக்குள் 95 எங்கே நம்பிக்கையாகக் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். 92 அடித்து ஓடிய டர்போ எஞ்சின் உள்ளுக்குள் தட்டி அடிவாங்கியிருக்கலாம், வெளியே எதுவும் தெரியாது. "என்ன பெற்றோல் அடிக்கிறீங்க?" என்பதை விற்கிறவரிடம் சாதாரணமாகக் கேளுங்கள். பதில் உடனே வருகிறதா, யோசித்து வருகிறதா என்று கவனியுங்கள்.

ஆர்எக்ஸ்-8 மேல் ஆசை வைத்தவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் எஞ்சின் ரோட்டரி, பிஸ்டனுக்குப் பதிலாக ரோட்டர் சுழலும். எஞ்சினுக்குள் அழுத்தத்தை அளக்கும் சாதாரண கொம்பிரஷன் மீட்டர் அதற்குப் போதாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று அறை உண்டு. மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி மீட்டர் வேண்டும். மஸ்டா சொன்ன குறைந்தபட்ச அளவு 250 ஆர்பிஎம்மில் 680 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே இருந்தால் எஞ்சின் திறக்கும் செலவோடுதான் கார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது இழுத்து இழுத்துப் பிடித்தால் அதுவும் அதே செய்திதான். எஞ்சின் ஒயில் குறைவதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது, ரோட்டரி ஒயிலை எரிக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. ரோட்டரி திறந்து பழகிய ஒரு பாஸை (மெக்கானிக்கை) முதலில் கண்டுபிடியுங்கள். அவர் கிடைத்த பிறகு காரைத் தேடுங்கள்.

காசு விஷயத்தில் ஒரே விதி: கையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கைக் காருக்குக் கொடுக்காமல் எடுத்து வையுங்கள். டயர், பிரேக், சஸ்பென்ஷன், பதிவு மாற்றம் எல்லாம் அதிலிருந்து போகும். மீதிதான் காருக்கான உங்கள் உச்ச விலை. அதை ஒரு கடதாசியில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது மனம் தன் பாட்டுக்கு இலட்சங்களைக் கூட்டும்.

வாங்காமல் சந்தையைப் பாருங்கள்

இரண்டு மூன்று மாதம் யாருக்கும் அழைக்காமல் இக்மன், ரியசேவன, பேஸ்புக் விளம்பரங்களைப் பார்த்துக் குறித்து வையுங்கள். விளம்பரம் போட்ட திகதி, கேட்கும் விலை, ஓடிய கிலோமீற்றர், ஊர். படங்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கொஞ்ச நாளில் உங்களுக்கே தெரிய வரும்: இந்த வெள்ளை சிஆர்-இசட் மூன்றாவது தடவையாக வருகிறது, போன தடவையைவிட இரண்டு இலட்சம் குறைந்திருக்கிறது, போன தடவை கம்பஹாவில் நின்றது இப்போது கல்முனையில் நிற்கிறது. சில நேரம் ஆறு மாதத்துக்கு முந்திய விளம்பரத்தில் கிலோமீற்றர் இப்போதையதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் காரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

கேட்கும் விலை விற்ற விலை அல்ல. ஒரு விளம்பரம் எத்தனை நாள் நின்றது என்பதுதான் உண்மையான விலையைச் சொல்லும். ஒரு கிழமையில் மறைந்த கார்களின் விலையையும் மூன்று மாதம் நின்ற கார்களின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் எங்கோதான் நியாய விலை.

காலமும் முக்கியம். பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் அம்பாறை மட்டக்களப்புப் பக்கம் கையில் காசு புழங்கும், சித்திரைப் புத்தாண்டும் வரும், விற்கிறவர் அசைய மாட்டார். கார்த்திகை மார்கழி மழையில் கதை மாறும். தரையோடு ஒட்டி ஓடும் காரை வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் வைத்திருப்பவருக்கு அது தலையிடி. நான் தேடுவதென்றால் மழைக்காலத்தில்தான் தேடுவேன். ஆனால் ஈரமான உடம்பில் கீறலும் பெயின்ட் வித்தியாசமும் மறைந்துவிடும், அதனால் பார்ப்பது மட்டும் காய்ந்த நாளில்.

இன்னொன்று. மாமாங்கத்தில் வாகனப் பூசைக்கு நாள் பார்த்துவிட்டு, அந்த நாளுக்குள் கார் எடுக்க ஓடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. முதலில் கார், பிறகு நாள்.

முதல் தொலைபேசி அழைப்பு

"கடைசி விலை என்ன?" என்று போனில் கேட்காதீர்கள். காரைப் பார்க்காதவருக்கு எவரும் கடைசி விலை சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நேரில் பேச ஆரம்பிப்பது உங்களுக்குத்தான் கஷ்டம். அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் உங்கள் பெயரிலா? லீசிங் முடிந்துவிட்டதா? எவ்வளவு காலமாக வைத்திருக்கிறீர்கள்? ஏன் கொடுக்கிறீர்கள்? ஜப்பான் ஏல அறிக்கை (அங்கே ஏலம் விடும்போது காரின் நிலையைக் குறித்த பத்திரம்) இருக்கிறதா?

ஏன் கொடுக்கிறார் என்பதற்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "கட்டாருக்குப் போறன், அடுத்த மாசம் விசா" என்பவரும் "நல்ல விலை வந்தா கொடுப்பம்" என்பவரும் ஒன்றல்ல. முதலாமவருக்குத் திகதி இருக்கிறது. இரண்டாமவர் சந்தையைச் சோதித்துப் பார்க்கிறார், அவரிடம் நேரம் செலவழிக்காதீர்கள்.

தரகர் மூலம் வந்தால் தரகுக் காசு யார் கொடுப்பது என்பதை அப்போதே தெளிவாக்குங்கள்.

பத்திரங்கள்

இதில் பொறுமை கிடையாது, சரி அல்லது பிழை. பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம் மூன்றும் காரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சின் மாற்றுவதும் நிறம் மாற்றுவதும் சகஜம் என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். மாற்றியது பதிவாகவில்லை என்றால் பதிந்து தந்த பிறகு பேசுவோம் என்று சொல்லுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. தயாரித்த வருடமும் பதிந்த வருடமும் வேறு வேறு, விலை பேச வேண்டியது தயாரித்த வருடத்துக்கு.

ஓப்பன் பேப்பர் என்று சொல்லி, முந்திய உரிமையாளர் வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்ததைக் காட்டுவார்கள். அந்த முந்தியவர் இப்போது கனடாவில் இருக்கலாம், உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் பதிவில் பெயருள்ளவர் நேரில் வராமல் காசு கொடுக்காதீர்கள்.

ஏல அறிக்கையில் 4, 4.5 என்ற தரம் இருந்தால் நல்லது. ஆர் என்றால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. விற்கிறவர் காட்டும் பிரதியை மட்டும் நம்பாமல் செசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே ஒரு பிரதி எடுங்கள். அன்றைக்கு ஓடிய கிலோமீற்றர் அதில் இருக்கும்.

காரைப் பார்க்கும் நாள்

காலையிலேயே போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் தெரியக்கூடிய ஏதோ ஒன்றை மறைக்கப் பார்க்கிறார் என்றே நினையுங்கள்.

கல்லடியில் நின்ற காருக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. பாலமுனை, மருதமுனை, பாசிக்குடாவும் கடற்கரை ஊர்கள்தான். உப்புக் காற்று மேல் பெயின்டை விட்டுவிட்டு அடியைத் தின்னும். ஏதாவது கராஜில் காரைத் தூக்கி அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள்: சஸ்பென்ஷன் ஆம்கள், பிரேக் குழாய்கள், பெரிய போல்ட்கள், கதவின் கீழ் விளிம்பு, மேலதிக டயர் வைக்கும் குழி. புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஸ்குரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள், துரு உள்ளே இருந்தால் சத்தம் மந்தமாக வரும். முன் பம்பரின் அடியையும் பாருங்கள். நமது ஊர்களின் வேகத்தடைகளில் எத்தனை தடவை உரசியது என்று அங்கே எழுதியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற கார் பெரிய ஆபத்து. 2024 நவம்பரில் நமது பக்கமும், 2025 நவம்பர் டித்வா புயலில் நாட்டின் பல பகுதிகளும் தண்ணீரில் நின்றன. அப்படி நனைந்த வாகனங்கள் கழுவிச் சந்தைக்கு வராமல் இருக்காது. சீட் பெல்டைக் கடைசிவரை இழுத்து அடிநுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மணல், வயர் இணைப்புகளில் பச்சை படிந்திருப்பது, மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. சிஆர்-இசட்டின் ஹைபிரிட் பற்றரி பின்பக்கச் சாமான் தளத்தின் கீழ் இருப்பதால் முழங்கால் அளவு தண்ணீரே அதற்குப் போதும்.

ஓட்டிப் பார்க்கக் காத்தான்குடி வீதி சரிவராது, அங்கே இரண்டாவது கியரைத் தாண்ட முடியாது. செங்கலடியிலிருந்து கரடியனாறு போகும் பதுளை வீதி அல்லது வாழைச்சேனைக்கு அப்பால் வாகரைப் பக்கம் நல்லது. அரை மணித்தியாலமாவது ஓடுங்கள். ரேடியோவை நிறுத்துங்கள், ஏசியைப் போட்டும் நிறுத்தியும் பாருங்கள். வேகம் காட்டும் எண்ணம் வேண்டாம், கியர் மாறும் விதத்தையும் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்பி வந்ததும், காரின் கணினியில் பதிந்த பிழைகளைக் காட்டும் ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். பிழைகள் எல்லாம் சற்று முன்புதான் அழிக்கப்பட்டிருந்தால் நல்ல ஸ்கேனர் அதையும் காட்டும்.

கொழும்பு, கண்டிப் பக்கம் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு: திரும்பி வருவதற்கான டிக்கெட்டைப் போகும்போதே எடுங்கள். முந்நூறு கிலோமீற்றர் போய்விட்டு வெறுங்கையோடு வருவதா என்ற எண்ணம்தான் தூரத்து ஊரில் தப்பான காரை வாங்க வைக்கிறது. ஒரே பயணத்தில் இரண்டு மூன்று கார்களைப் பார்க்க ஒழுங்குபடுத்துங்கள். அட்வான்ஸ் காசைக் கையில் கொண்டு போகாதீர்கள்.

விலை பேசுதல்

பார்த்த அன்றே விலையை முடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து, மாற்ற வேண்டிய பொருட்களைப் பட்டியலிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விலை விசாரித்து, உங்கள் பாஸிடம் கூலியையும் சேர்த்து ஒரு கடதாசியில் எழுதி வாங்குங்கள். வாயால் சொல்லும் குறை விற்கிறவருக்குக் கோபத்தைத் தரும். எழுதிய கணக்கு அவரையும் யோசிக்க வைக்கும்.

காத்தான்குடியில் ஒரு சிஆர்-இசட், கேட்பது 62 இலட்சம், விளம்பரம் போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் விலையும் கணக்கும் உதாரணத்துக்குத்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் போய் நிற்காமல், சனிக்கிழமை காலையில் இரண்டாம் தடவையாக, கணக்கோடு போகிறீர்கள்.

"கார் நல்லா வச்சிருக்கீங்க நானா. உள்ளுக்கு ஒரு கிழிசல் இல்ல."

"என்ட சொந்தப் பாவனைதானே தம்பி. அறுபத்திரண்டு சொல்லியிருக்கன், பார்த்துச் சொல்லுங்க."

"டயர் நாலிலயும் 2318 எண்டு இருக்கு, 2018ஆம் ஆண்டு டயர். ஷொக் ரெண்டு ஒயில் கசியுது. பற்றரிக்கும் கொஞ்சம் வைக்கணும். இந்தாங்க, பாஸ் எழுதித் தந்த கணக்கு. நான் அம்பத்தஞ்சு தாறன். சம்மதமெண்டா புதன்கிழமைக்குள்ள காசு முழுக்க உங்கட பேங்குக்கு வரும்."

"அம்பத்தஞ்சுக்குத் தர ஏலாது மனே. அறுபது எண்டா எடுங்க."

இங்கே உடனே பதில் சொல்லாதீர்கள். தேத்தண்ணி வந்திருந்தால் குடியுங்கள். கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் போனால் எதுவும் ஆகாது, அநேகமாக அவரே இன்னொரு வார்த்தை சொல்லுவார்.

"அம்பத்தொம்பது. அதுக்குக் கீழ இல்ல."

"நானா, என்ட கணக்கு அம்பத்தஞ்சரை வரைக்கும்தான் போகும். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல, நம்பர் இருக்குதானே. மறுகா கதைப்பம்."

எழுந்து வந்துவிடுங்கள். இந்தப் பேச்சில் காரை எங்கும் இழிவாகப் பேசவில்லை. ஆசையாக வைத்திருந்த காரைக் குறை சொன்னால் மனிதன் விலையை மறந்து மானத்துக்காகப் பேச ஆரம்பிப்பான், அதோடு பேரம் முடிந்தது. விலையோடு சேர்த்துக் காசு வரும் நாளையும் சொன்னது இரண்டாவது விஷயம். "பார்ப்பம், ஏலுமெண்டா எடுப்பம்" என்கிற பலருக்கு நடுவில் நாள் சொல்கிற ஒருவரை விற்கிறவர் மறக்க மாட்டார். மூன்றாவது, 55இலிருந்து அரை இலட்சம்தான் ஏறியது. முதல் ஏற்றமே சின்னதாக இருந்தால் மேலே அதிகம் இடமில்லை என்று அவருக்கே புரியும். இலட்சம் இலட்சமாக ஏறினால் இன்னும் ஏறுவார் என்றுதான் எவரும் காத்திருப்பார்கள்.

பிறகு நீங்களாக அழைக்க வேண்டாம். இரண்டு மூன்று கிழமை கழித்து "கார் இன்னும் இருக்கா நானா?" என்று ஒரு தடவை கேட்கலாம், விலை பேசாமல். அவர் "அம்பத்தாறரைக்கு எடுங்க" என்று அழைத்தால், உங்கள் உச்ச விலை 57ஆக இருந்தால், எடுத்துவிடுங்கள். இன்னும் 25,000 குறைப்பேன் என்று நிற்பதுதான் நல்ல காரைத் தவறவிடும் வழி. அவர் இறங்கி வந்த பிறகு நீங்கள் சொன்ன சொல்லிலிருந்து இன்னும் கீழே போவதும் முறையல்ல. நம்ம ஊர் சின்னது, காத்தான்குடியில் சொன்ன சொல் கல்முனைக்கு அன்றைக்கே போய்விடும்.

இடையில் வேறு யாராவது வாங்கிவிட்டால்? வாங்கட்டும். உங்கள் குறிப்பில் ஒரு உண்மையான விற்பனை விலை கிடைத்திருக்கிறது, அடுத்த பேச்சில் அது உதவும்.

"இன்னொருத்தர் பின்னேரம் காசோட வாறார்" என்று சொன்னால் நம்பினாலும் நம்பாவிட்டாலும் பதில் ஒன்றுதான்: "அவர் எடுத்தா நல்லது, எடுக்காட்டி எனக்குச் சொல்லுங்க."

காசும் கையெழுத்தும்

அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு கடதாசியில் கார் இலக்கம், பேசிய விலை, கொடுத்த தொகை, முடிக்கும் திகதி, எந்தப் பக்கம் பின்வாங்கினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள், அடையாள அட்டைப் பிரதியும் வாங்குங்கள். மீதிக் காசை வங்கி வழியாக, இருவரும் ஒன்றாக இருக்கும்போது அனுப்புவது நல்லது. உரிமை மாற்றப் படிவங்களில் அன்றைய திகதி போட்டு அன்றே கையெழுத்து வாங்குங்கள். வருமான உத்தரவுப் பத்திரம், புகைச் சான்றிதழ், இரண்டாவது திறப்பு, பழைய பில்கள் எல்லாவற்றையும் கையில் வாங்கிய பிறகே காரை எடுங்கள். திறப்பு ஒன்றுதான் என்றால் அதற்கும் விலையில் கழிக்கலாம்.

பதிவு மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தாமதிக்காமல் செய்யுங்கள். காரை வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்பே காப்புறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எக்ஸோஸ்ட், சஸ்பென்ஷன், ரிம் ஏதாவது மாற்றப்பட்டிருந்தால் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது. வந்த முதல் கிழமையிலேயே எஞ்சின், கியர், டிஃபரன்ஷல் ஒயில்களையும் பிரேக் திரவத்தையும் கூலன்டையும் முழுக்க மாற்றுங்கள். எவோவில் ஒன்பதாவது தலைமுறை வரை உள்ளதும் பழைய டபிள்யூஆர்எக்ஸும் என்றால், டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லாத பட்சத்தில் அதையும் அதே கையோடு மாற்றுங்கள். ஒதுக்கி வைத்த அந்த ஐந்தில் ஒரு பங்கு இதற்குத்தான்.